லீ ஹேண்ட் பிரஸ்: ஒரு குன்றிமணி மருந்துக்கு இது போதுமா?

சுட்டுப் போட்ட தோட்டாக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா செய்கிற கைக்கருவிதான் லீ ஹேண்ட் பிரஸ். ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இருப்பது டெக்சஸில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள அமெரிக்க மத்தியச் சட்டப்படி உரிமம் வேண்டாம், விற்கக் கிளம்பினால்தான் உற்பத்தியாளர் உரிமம் எடுக்க வேண்டும். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அதனால் ஊரில் இருந்து படிக்கிறவர்கள் சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி படித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் ஒரு பழைய கோல்ட் 1903 இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த, கோட்டுப் பையில் அடங்குகிற பிஸ்டல். அது தின்னும் .32 ஏசிபி தோட்டாவும் அவர் கைவண்ணம்தான், 1899இல் வந்தது. கடையில் 9 மி.மீ. பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள், .32 பாதி நாள் இருக்காது, இருந்தால் 9 மி.மீ.யைவிட விலை அதிகம். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகள் ஒரு காப்பி டப்பா நிறைய சேர்ந்துவிட்டன. தூக்கிப்போட மனசு வராமல்தான் லீ பிரிசிஷன் கம்பெனியின் ஹேண்ட் பிரஸ் கிட்டையும் .32 கார்பைடு டை செட்டையும் (கூட்டைச் சரியான அளவுக்கு அமுக்கி, குண்டை உட்கார வைக்கிற கடினமான அச்சுகள்) வாங்கினேன்.

பார்க்கப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும். மேஜையில் போல்ட் போட்டு முடுக்க வேண்டியதில்லை, இரண்டு கையாலும் பிடித்து அமுக்க வேண்டியதுதான். அபார்ட்மென்டில் ஒரு அலமாரித் தட்டு மட்டுமே மிச்சமிருக்கிறவனுக்கு இது பெரிய விஷயம். கிட்டோடு பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற குட்டி வெடிக்கிண்ணம்) பொருத்துகிற ராம் பிரைம், ஒரு புனல், கூட்டுக்குப் பூசுகிற மசகு எல்லாம் வந்துவிடுகின்றன. டை கார்பைடு என்பதால் இந்த மாதிரி நேர்ச்சுவர் பிஸ்டல் கூட்டுக்கு மசகே தேவையில்லை, டியூபை இன்னும் திறக்கவில்லை. டை செட்டிலேயே கூட்டைப் பிடிக்கிற ஷெல் ஹோல்டரும் மருந்து அள்ள ஒரு குட்டிக் கரண்டியும் இருக்கின்றன. .32 கூடு 17 மி.மீ. உயரம்தான், அமுக்கும்போது விரல் நுனி உள்ளே மாட்டிக்கொள்ளப் பார்க்கும், கவனம். ரைபிள் கூடு செய்கிறவர்கள் கை வலிக்கிறது என்பார்கள், இந்தப் பொடிக்கூட்டுக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கூட்டை எடுத்து, அமுக்கி, எடுத்து, அடுத்ததை வைத்து... ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்தால் எனக்கு நூறு தோட்டா தேறும்.

பிரஸ் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது தராசு.

.32க்கு ஒரு தடவை போடுகிற மருந்து பொதுவாக 2 கிரெயினைச் சுற்றித்தான் வரும். கிராமில் 0.13. நம் பொற்கொல்லர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு குன்றிமணி. 50 கிரெயின் போடுகிற ரைபிள்காரனுக்கு 0.2 கிரெயின் கூடக்குறைய வந்தால் ஒன்றுமே தெரியாது, எனக்கு அதே 0.2 பத்து சதவீதம். மருந்துப் புத்தகத்தில் ஆரம்ப அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியே பல சமயம் அவ்வளவுதான்! இது தெரியாமல் மலிவாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன், பெயர் எதற்கு. அதே தட்டை மூன்று தடவை வைத்தேன், 2.0, 2.2, 1.9 என்று மூன்று பதில் சொன்னது. ஏசியை அணைத்துவிட்டு வைத்தால் நான்காவதாக ஒன்று. திருப்பி அனுப்பிவிட்டு, கோல் தராசு ஒன்று வாங்கினேன், முள் ஆடி ஆடி நிற்கிற பழைய பாணி. மெதுவானதுதான், ஆனால் பேட்டரி இறங்கி மனசு மாறாது. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் எடை தெரிந்த சோதனைக்கல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து டப்பாவையே திறப்பேன். டை செட்டோடு வந்த கரண்டி எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரே மாதிரி அள்ளக் கை பழகிவிட்டால் நன்றாகவே வருகிறது, என்றாலும் பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பார்ப்பதை விடவில்லை. எந்த மருந்து எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். மருந்து செய்கிற கம்பெனியே அட்டவணை போடுகிறது, அதில் உங்கள் குண்டின் எடைக்கு நேரே இருக்கிற ஆரம்ப அளவில் தொடங்குங்கள், சுடப் பழகுகிற ரேஞ்சில் பக்கத்து லேன்காரர் சொன்னார் என்று போடாதீர்கள்.

சரி, என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர் பொருத்திய ஐம்பது கூடுகளைக் கட்டையில் நிறுத்திவைத்து மருந்து போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் போன் வந்தது. பேசி முடித்து விட்ட இடத்தில் தொடர்ந்தேன், அதாவது விட்ட இடம் என்று நினைத்த இடத்தில். அடுத்த வாரம் ரேஞ்சில் ஏழாவது தோட்டாவோ என்னவோ, சத்தம் 'டப்' என்று வராமல் ஊதுபத்தி அணைகிற மாதிரி 'புஸ்' என்றது. நல்ல வேளை, கை அங்கேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் குண்டு குழலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பிரைமர் மட்டும் வெடித்து, மருந்தே இல்லாத கூட்டில் இருந்து குண்டைப் பாதி தூரம் தள்ளியிருக்கிறது. ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிதுங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும். இப்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன், குண்டு வைப்பதற்கு முன் ஐம்பது கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். காலிக் கூடு உடனே கண்ணில் படும். இரண்டு தடவை மருந்து விழுந்த கூடும் பட வேண்டும், அதற்காகத்தான் உப்பலான மருந்தாகத் தேர்ந்தெடுத்தேன், இரண்டு தடவை போட்டால் விளிம்புக்கு வந்துவிடும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா, வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்கு. பிரைமரை வந்த பெட்டியிலேயே வைத்திருங்கள், ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைக்கிற வேலை வேண்டாம், ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும்.

குண்டு வைக்கிற டை பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய கூடு என்பதால் குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே உள்ளே இடம் சுருங்கி அழுத்தம் ஏறிவிடும். .32க்கு அமெரிக்கத் தோட்டாத் தரநிர்ணய அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கிற உச்சமே 20,500 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), 9 மி.மீ.க்கு 35,000. என் பிஸ்டலுக்கோ வயது எண்பதுக்கு மேல். இன்னொரு சங்கடமும் உண்டு, .32 கூட்டின் அடியில் லேசாக விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா நீளம் குறைந்தால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும், பிறகு தட்டினாலும் நகராது. அதனால் நான் போடுவது 71 கிரெயின் முழு உறை (ஈயத்தை மூடிய உலோக உறை) குண்டு மட்டும், நீளத்தை வெர்னியரில் அளந்து, புத்தகத்தில் அந்தக் குண்டுக்குச் சொன்ன நீளத்துக்குக் குறையாமல். டையின் திருகு நன்றாகப் பிடித்து நிற்கிறது, ஒரு தடவை சரிபண்ணினால் ஐம்பதும் அதே நீளம்.

பழைய பிரைமர் தட்டும்போது வருகிற கரித்தூளில் ஈயம் இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் சாப்பாட்டு மேஜை பக்கமே இதைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காப்பி.

யாருக்கு இது? மாதம் ஐம்பது, நூறு சுடுகிறவருக்கு, இடம் இல்லாதவருக்கு, தோட்டா என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள நினைப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மிச்சமாகிற பணத்தை நல்ல தராசில் போடுங்கள். வாரா வாரம் ரேஞ்சுக்குப் போகிறவர் பல டைகளைச் சுழல் தலையில் மாட்டி, மேஜையில் பூட்டுகிற டரட் பிரஸ்ஸுக்குப் போய்விடுவது நல்லது. அடுத்து .25 ஏசிபி செய்து பாரேன் என்று நண்பர் ஒருவர் இரண்டு டப்பா கூடு கொடுத்திருக்கிறார். அது .32 கூட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்கிற சைஸ், குண்டே 50 கிரெயின்தான். டப்பாவை இன்னும் திறக்கவில்லை, என் விரல்கள் அதற்குக் கொஞ்சம் தடிமன்.