எச்சரிக்கை: பழைய வார்ப்பிரும்புக் கதவு முட்டு வாங்குவோரும் திருத்தக் கொடுப்போரும் வாசிக்கவும்

வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் வந்த பொதியைப் பிரித்த நேரத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பழம்பொருட்களை இணையத்தில் விற்பதோடு அவற்றைத் திருத்தியும் தருவதாகச் சொல்லும் ஒரு கடை, என்னிடம் 85,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு போலியைத் தலையில் கட்டியதோடு நில்லாமல், என் அப்பப்பாவின் அசல் பொருளையும் பாழாக்கி அனுப்பியிருக்கிறது. முறைப்பாடு எழுதிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, அசலை அடையாளம் காண்பதும் பேணுவதும் எவ்வாறு என்பதை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பு புளியந்தீவில் உள்ள எங்கள் பழைய வீட்டின் இரட்டைக் கதவுகள் அடித்துச் சாத்தும். அவற்றுக்கு முட்டாக அப்பப்பா வைத்திருந்தவை, ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு வார்ப்பிரும்புச் சிங்கங்கள். ஊரைவிட்டுப் புறப்பட்ட ஓர் ஆங்கிலேய உத்தியோகத்தரின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது அவர் அவற்றை வாங்கினாராம். 1978 நவம்பர் 23 அன்று சூறாவளியில் முன்சுவர் சரிந்து விழுந்ததில் ஒன்று மூன்று துண்டாகிப் போனது. வார்ப்பிரும்பு நெளியாது, உடையும். மற்றச் சிங்கம் அடிப்பகுதியில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்போடு தப்பியது. அதன் பிடரியின் மடிப்புகளில் பழைய பொன்னிறத் தீந்தையின் மிச்சம் இருந்தது. அதன் முதுகுப்புறக் குழிவில் விரல் நகமளவு சாய்சதுரக் குறி ஒன்று இருந்தது. சிறுவயதில் அந்தக் குறியின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பது எனக்கு விளையாட்டு.

உடைந்து போனதன் சோடியைத் தேடியபோதுதான் அந்தக் கடையின் பக்கம் கண்ணில் பட்டது. எதிர்ப்பக்கம் பார்க்கும் அதே சிங்கத்தின் படம் அங்கே இருந்தது. விலை 68,000 ரூபாய். நான் உடனே நம்பிவிடவில்லை. என்னிடம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, இது என்ன என்று கேட்டேன். பேசிய பொடியன் அந்தச் சாய்சதுரக் குறியைப் பெரிதாக்கிப் பார்த்து, “அக்கா, இது இங்கிலாந்தில் வடிவத்தைப் பதிவு செய்த அடையாளம். 1842 தொடக்கம் 1883 வரைதான் இதைப் பாவித்தார்கள். மேல் வட்டத்தில் ‘I’ என்ற ரோம இலக்கம் இருக்கிறதா பாருங்கள், அது உலோகப் பொருள் என்பதற்கானது” என்றான். டோர்ச் அடித்துப் பார்த்தேன், இருந்தது. பிறகு நானே தேடி வாசித்தேன். அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் விழுந்த இடம் இதுதான். என் பொருளைப் பற்றி இவ்வளவு உண்மை சொன்னவன் தன் பொருளைப் பற்றிப் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அதன் பின்னர், இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தால்தான் சோடி பொருந்தும் என்றும், என் சிங்கத்தின் வெடிப்பையும் ஒட்டி, கறளைத் துடைத்து, மெழுகு பூசித் தருவதாகவும் அதற்குக் கூலி 17,500 ரூபாய் என்றும் சொன்னான். “தம்பி, பழைய தீந்தையில் மட்டும் கை வைக்க வேண்டாம்” என்று எழுத்தில் சொன்னேன். “அதைத் தொடவே மாட்டோம் அக்கா” என்று எழுத்தில் பதில் வந்தது. இரண்டு தொகையையும் சேர்த்து 85,500 ரூபாயை வங்கியில் வைப்பிலிட்டு, சிங்கத்தைப் பழைய சேலையில் சுற்றி நானே பொதி செய்து அனுப்பினேன்.

ஏழு வாரங்களின் பின்னர் இரண்டும் ஒன்றாக வந்தன. என் சிங்கத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மணல் வீச்சில் தோலை உரித்தது போல் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, பளபளக்கும் கறுப்பையும் பிடரிக்குப் பித்தளை நிறத்தையும் பூசியிருந்தார்கள். முதுகுப்புறக் குழிவுக்குள் விரலை விட்டுத் தடவினேன். சாய்சதுரம் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. கிரைண்டர் பிடித்த வட்டக் கோடுகள் தீந்தைக்கு அடியிலும் விரலுக்குத் தெரிந்தன. அந்தச் சிங்கத்தின் வயதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அது. அதன் பெறுமதியை எனக்கு எடுத்துச் சொன்னவர்களே அதை அழித்திருக்கிறார்கள்.

மற்றதை ‘அசல்’ என்று சொல்ல வாய் கூசுகிறது. அதன் மேற்பரப்பு மணற்கடதாசி போல் சொரசொரப்பாக இருக்கிறது. என்னுடையதில் சிங்கத்தின் மீசைக் கோடுகூடக் கூர்மையாக விழுந்திருக்கும். கறள் கையில் செம்மஞ்சள் தூளாக ஒட்டுகிறது, அதுவும் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே நிறத்தில். பழைய கறள் கடும் கபிலமாக, இரும்போடு இறுகிப் பிடித்திருக்கும். உப்புத் தண்ணீரில் நனைத்துப் போட்ட இரும்பு சில நாட்களிலேயே இந்தச் செம்மஞ்சளுக்கு வந்துவிடும் என்பது வாவிக்கரையில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. அடித்தட்டைப் பிடித்திருந்த திருகாணியின் தலையில் சிலுவை வெட்டு இருந்தது. அந்த வகைத் திருகாணிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936இல்தான். உயரத்தை அளந்தேன்: என்னுடையது 38 சென்ரிமீற்றர், அது நான்கு மில்லிமீற்றர் குறைவு. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும்; ஆகவே அசல் ஒன்றை அச்சாக வைத்து வார்த்த பிரதி அசலைவிடச் சற்றுச் சிறிதாகவே வரும்.

கல்லடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் இரண்டையும் கொண்டு போனேன். “டீச்சர், இது புது வார்ப்பு” என்றார். பிறகு என் சிங்கத்தைத் திருப்பி, வெடிப்பை ஒட்டிய இடத்தைக் காட்டினார். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, அதற்குரிய நிக்கல் கம்பியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டுமாம். இவர்கள் சாதாரணக் கம்பியால் ஒட்டியிருந்ததால் ஒட்டின் ஓரமாகவே புது வெடிப்பு ஓடியிருந்தது.

அன்றிரவே கடைக்கு எழுதினேன். முதலில், பொதி வழியில் குலுங்கியிருக்கும் என்றார்கள். குலுங்கினால் தீந்தை மாறுமா? பிறகு, குறி கறளோடு கறளாகப் போயிருக்கும் என்றார்கள். திருகாணி யாரோ பிற்காலத்தில் மாற்றியது என்றார்கள்; அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் சொரசொரப்புக்கும் செம்மஞ்சள் தூளுக்கும் பதில் இல்லை. “எங்கள் நிபுணர் வெளிநாட்டில் நிற்கிறார் அக்கா, வந்ததும் கதைப்பார்” என்றான் அதே பொடியன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பழம்பொருளுக்கு மீளளிப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது. பற்றுச்சீட்டை அப்போதுதான் கவனித்தேன்: “இரும்பு அலங்காரப் பொருள் – 1” என்று மட்டுமே இருந்தது. பழையது என்ற சொல்லே அதில் இல்லை. அவர்களுடைய பக்கத்தில் நான் இட்ட கருத்தை ஞாயிறு காலை நீக்கினார்கள்; மத்தியானம் என் இலக்கத்தையும் தடுத்துவிட்டார்கள். 85,500 ரூபாய். ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த 85,500 ரூபாய். பணமாவது ஒருவேளை திரும்பக்கூடும். கிரைண்டர் தின்ற குறியை யார் திருப்பித் தருவார்?

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கை நடுங்குகிறது, ஆகவே முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கையில் எடுத்துத் தடவிப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முடியாவிட்டால் பின்புறம், அடிப்பகுதி, திருகாணி ஆகியவற்றின் படங்களையும் சென்ரிமீற்றரில் உயரத்தையும் கேளுங்கள். பற்றுச்சீட்டில் காலத்தையும் ‘அசல்’ என்பதையும் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பழைய தீந்தை உரிந்திருந்தாலும் அதன் மேல் புதிது பூச விடாதீர்கள். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்தி, மெல்லியதாக மெழுகு பூசினால் போதும். பழைய தீந்தையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் சுரண்டவும் வேண்டாம். திருத்தக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு குறியையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். நான் கடைக்கு அனுப்பிய ஒரே ஒரு படம்தான் இன்று என் கையில் இருக்கிறது. அதையும் பற்றுச்சீட்டையும் இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாட்டைத் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். இதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள்.