நூறு ரூபாய்க்குள் வீட்டு அலங்காரம்: காகிதமா, சணலா, கொட்டாங்குச்சியா, மண்சட்டியா?

கடலூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம்தான். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். ஐப்பசி பிறந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், அலமாரித் துணி பிசுபிசுக்கும். வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. கூடத்தில் அழகுபடுத்த எனக்குக் கிடைத்த இடங்கள் மூன்று: ஜன்னல் திண்டு, செருப்பு அலமாரியின் மேல்தட்டு, பழைய மின்விசிறிக் கொக்கி ஒன்று.

சித்திரை, வைகாசி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வீட்டில் கிடப்பதையும் மலிவாகக் கிடைப்பதையும் வைத்துப் பலவகைப் பொருள்கள் செய்தேன். இத்தகைய கைவேலைகளைப் பரிந்துரைப்பவர்கள் எல்லோரும் செய்து முடித்த அன்றைய அழகைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வடகிழக்குப் பருவமழை முழுவதும் நின்று, தை மாதம் தூசி தட்டி எடுக்கும்போதும் பார்க்கும்படி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. கீழே எழுதியிருப்பது அந்தத் தை மாதத்துக் கணக்கு.

காகிதம்: குழலும் கூழும்

செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிப் பின்னும் கூடையை இப்போது எல்லா இடத்திலும் காண்கிறோம். தாளை நீளவாக்கில் நான்காக வெட்டி, ஒரு மூலையிலிருந்து ஈர்க்குச்சியை வைத்துச் சாய்வாகச் சுருட்டி, கடைசி முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். ஒரு சாண் உயரக் கூடைக்கு எனக்கு 90 குழல்கள் ஆயின. ஒரு குழலுக்கு இரண்டு நிமிடம் என்றால், பின்னத் தொடங்கும் முன்பே மூன்று மணி நேரம் போய்விடுகிறது. தாள் இலவசம் என்றாலும் பசையும் வண்ணமும் மேல்பூச்சு வார்னிஷும் இலவசமில்லை. நான் செய்தவற்றில் கையிலிருந்து அதிகப் பணம் போனது இதற்குத்தான்.

செலவைக் குறைக்க மைதாப் பசை காய்ச்சினேன். அது தவறு. மாவுப் பசை இருக்கும் இடத்துக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவது இதைத் தடுக்கத்தான். ஆனால் துத்தம் நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. கார்த்திகையில் கூடையின் விளிம்பு தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. தையில் அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஊசி குத்தியதுபோல் அரிப்பு. வெள்ளைப் பசையில் செய்திருந்தால் பூச்சி குறைந்திருக்கும், ஆனால் ஈரத்துக்கு அதுவும் பதில் ஆகாது. குழலின் உள்ளே காற்று நிற்பதால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

அதே செய்தித்தாள், அதே மாதம். அதில் நான் செய்த இன்னொரு பொருள் இன்றுவரை அசையவில்லை. அது வெந்தயம் சேர்த்து அரைத்த காகிதக் கூழ்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூங்கில் முறம் வாங்கியதும் பழைய தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, சந்து தெரியாமல் மெழுகிக் காயவைத்த பிறகுதான் அதில் அரிசி புடைப்பார்கள். மிஞ்சிய கூழைக் குடத்தின் மேல் அப்பிக் கூடையாக்குவார்கள். என் பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு கூடை இருந்தது. அதற்குள் சாக்குத் துணியும் கிழிந்த சேலையும் கிடக்கும். அதைத் தரையில் போட்டு நாங்கள் மேலே ஏறி உட்கார்ந்ததுண்டு.

நான் செய்த முறை இது. ஒரு கிலோ தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்தேன். தினமும் தண்ணீரை மாற்றினேன். நூறு கிராம் வெந்தயத்தை முதல்நாள் இரவே தனியாக ஊறவைத்தேன். ஊறிய வெந்தயத்தைக் கிண்டினால் விரலுக்கும் கரண்டிக்கும் நடுவில் நூல் இழுக்கும். அந்த வழுவழுப்புதான் இங்கே பசை. இரண்டையும் சேர்த்துக் கிரைண்டரில் அரைத்தால் சாம்பல் நிறத்தில், இட்லி மாவைவிடக் கெட்டியாக வரும். எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்து, ஈரத்துணி சுற்றி, விரல் கனத்துக்குக் கூழை அப்பி, உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுத் தடவினேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூழ் காயும்போது சுருங்கும். அச்சுப் பாத்திரம் சுருங்காது. முழுவதும் காயும்வரை விட்டால் விளிம்பிலிருந்து விரிசல் ஓடிவிடும். வெளிப்புறம் காய்ந்து, விரலால் அழுத்தினால் மட்டும் பள்ளம் விழும் பதத்தில் பாத்திரத்தை உருவிவிட வேண்டும். அதன்பின் உட்புறம் மேல்நோக்கி வெயிலில் நான்கைந்து நாள். அக்னி நட்சத்திர வெயில் இதற்கென்றே வாய்த்தது. மழைக்காலத்தில் இதைத் தொடங்கினால் காய்வதற்குள் புளித்து நாறும்.

செலவு என்று பார்த்தால் வெந்தயம் மட்டும்தான். நேரமும் குழலைவிடக் குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. மழையில் நீர் படாமல் வைத்தேன். தளரவில்லை, பூச்சியும் வரவில்லை. குறை ஒன்று உண்டு: முதல் மாதம் முழுவதும் வெந்தய வாசம் கூடத்தில் இருந்தது. அச்சு மை கலந்த தாள் என்பதால் தின்பண்டம் வைக்கவும் நான் பயன்படுத்தவில்லை. சாவி, நூல்கண்டு, மின்கட்டண அட்டை ஆகியவற்றுக்கு இது போதும்.

காகிதக் கூழ் எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று பார்க்க விரும்பினால் புதுச்சேரிப் பக்கம் திருக்கனூர் பொம்மைகளைப் பாருங்கள். அந்தக் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

சணல் சுற்றிய பாட்டில்

ஒரு மணி நேரத்தில் விருந்தாளி வருகிறார், மேசை மேல் ஏதாவது வேண்டும் என்றால் இதுதான். மற்ற எதுவும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு நன்றாக இராது.

பலர் தவறுவது கயிற்றின் அளவில். சுற்றளவு 24 செ.மீ. உள்ள பாட்டிலில், 3 மி.மீ. கனக் கயிற்றால் 20 செ.மீ. உயரத்தை மூட 67 சுற்று வேண்டும். அது 16 மீட்டர். கழுத்துக்குத் தனி. பத்து மீட்டர்க் கண்டு ஒன்றை வாங்கி வந்து பாதியில் நின்றால், ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரியும். அடியிலிருந்து தொடங்கி, ஒரு விரல்கடை அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை தடவி, ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரல் நகத்தால் கீழே நெருக்கித் தள்ளினால் கண்ணாடி எங்கும் எட்டிப் பார்க்காது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, பிசுபிசுப்பை ஆப்ப சோடாவும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தேய்த்தால் போய்விடும்.

தை மாதக் கணக்கில் சணல் பாதி மதிப்பெண்தான் வாங்கியது. உருக்குலையவில்லை. ஆனால் இழைகளுக்குள் புகுந்த தூசியைக் கழுவ முடியாது, தேய்த்தால் பிசிறு கிளம்புகிறது. மழையில் ஈரம் குடித்து, நனைந்த சாக்கு வாசம் வந்தது. ஒரு வருடத்தில் கயிற்றை உரித்துப் புதிதாகச் சுற்றும் எண்ணத்தோடு செய்தால் குறையாகத் தெரியாது.

கொட்டாங்குச்சி

தெற்கே சிரட்டை என்பார்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று தேங்காய் உடைகிறது. ஆறு மூடிகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. காசு என்று பார்த்தால் உப்புத்தாளுக்கு மட்டும்தான். உழைப்பு என்று பார்த்தால் இந்த வரிசையில் இதுதான் கடினம். இருந்தும் என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது.

உடைப்பதிலேயே வேலை தொடங்குகிறது. தரையில் மோதினால் கோணலாகப் பிளக்கும். இடது உள்ளங்கையில் தேங்காயை வைத்து, நடுவயிற்றில் அரிவாளின் முதுகால் தட்டிக்கொண்டே மெதுவாகச் சுழற்றினால் வளையம்போல் விரிசல் ஓடி இரண்டு சம மூடிகளாகும். பருப்பைத் துருவிய பின் இரண்டு நாள் வெயிலில் போட்டால் ஒட்டியிருக்கும் மிச்சம் தானே விலகும். அதைத் துளியும் விடாமல் சுரண்ட வேண்டும். விட்ட இடத்தில் முதலில் எறும்பு வரும், பிறகு பூசணம் வரும்.

பிறகு வெளிப்புறம். கத்தி முனையால் நாரை வழித்துவிட்டு, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 400 என்று போக வேண்டும். 80-இல் தேய்க்கும்போது வெறும் மண் நிறத் தூள்தான் கொட்டும். நேரம் வீண் என்றே தோன்றும். 220-இல் ஒரு மாற்றம் தெரிகிறது. அழுக்கு நிறத்துக்கு அடியிலிருந்து கரும்பழுப்பு எழுகிறது, அதில் தேன் நிறத்தில் மெல்லிய கோடுகள் கண்களிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகின்றன. 400 முடித்து, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் அது நனைந்த கூழாங்கல்லைப்போல் மின்னியது. என் மகள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எண்ணெய் அதிகமானால் சிக்கு வாசம் அடிக்கும். இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். தூள் மூக்கில் ஏறும் என்பதால் முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளாக வாங்குங்கள்.

செடி வைக்க விரும்பினால் கண் உள்ள மூடியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெல்லியது, முளை வெளிவரும் வழி. திருப்புளியால் அழுத்தினாலே திறந்து, தண்ணீர் வடியும் துளை கிடைத்துவிடும். மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் இணங்காது. தொங்கவிட விளிம்பில் மூன்று துளை போடும்போது ஒரு செ.மீ. உள்தள்ளிப் போடவில்லையென்றால் விளிம்பு பெயர்ந்துவிடும். எனக்கு இரண்டு மூடிகள் அப்படித்தான் வீணாயின.

உள்ளே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம். கொட்டாங்குச்சி கரியாகும் பொருள். எளிதில் தீப்பிடித்து நின்று எரியும். சீரியல் பல்புச் சரத்தை உள்ளே சுருட்டி வைத்தால் துளைகள் வழியே வெளிச்சம் சுவரில் புள்ளியாக விழும், ஆபத்தும் குறைவு.

தை மாதத்தில் இதைத் துணியால் துடைத்தேன், பளபளப்பு திரும்பியது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

மண்சட்டி

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் அலங்கரிப்பதற்கு வேலைப்பாடு இல்லாத வெறும் சட்டிதான் வேண்டும், அது எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

முதலில் ஒரு சட்டிக்கு எனாமல் வண்ணம் அடித்து, மண் போட்டு மணிபிளான்ட் வைத்தேன். மூன்றே வாரத்தில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சுடுமண் மூச்சுவிடும் பொருள். ஊற்றும் தண்ணீர் சுவர் வழியே கசிந்து வெளியேறும்போது உப்பையும் இழுத்துவருகிறது. எதிரில் வண்ணம் வழிமறித்தால் அதைத் தூக்கிவிட்டுத்தான் போகும். செடியை நாற்றுப் பையோடு அப்படியே உள்ளே இறக்கி வைப்பதே சரியான வழி.

அடுத்த சட்டிக்கு வண்ணம் வாங்கவே இல்லை. வாசலுக்குப் பூசும் காவிக் கட்டியைக் குழைத்துப் பட்டை அடித்தேன். காய்ந்ததும் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் ஒரு கரண்டி வெள்ளைப் பசை கலந்து, துணி நுனியில் தொட்டு, நேர்ப்புள்ளி ஐந்து வைத்து நெளிக் கோலம் இழுத்தேன். பசை இல்லாவிட்டால் மாவை எறும்பு தின்றுவிடும். சட்டியின் வளைவில் கோலம் போடுவது தரையில் போடுவதுபோல் இல்லை. சட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கை நிற்க வேண்டும். செருப்பு அலமாரியின் மேல் இருக்கும் அதைத்தான் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மொத்தச் செலவு சட்டி விலையோடு நூறு ரூபாயைத் தொடவில்லை.

பனையோலையையும் இந்த வரிசையில் சேர்க்க ஆசைப்பட்டேன், அது தமிழ்நாட்டின் மாநில மரம் அல்லவா. தோரணமும் ஓலைக் கிளியும் பிள்ளைகளோடு செய்யலாம், இரண்டு நாள் அழகு. ஆனால் செட்டிநாட்டுக் கொட்டானையும் மணப்பாட்டுப் பெண்கள் பின்னும் பெட்டிகளையும் விடுமுறையில் கற்றுக்கொண்டு செய்துவிட முடியாது. அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் கூழைத்தான் சொல்வேன்; வெட்டும் கருவி எதுவும் வேண்டாம், கை அழுக்காக ஒரு சாக்கும் கிடைக்கும். பொறுமையும் ஒரு வாரமும் இருப்பவர்களுக்குக் கொட்டாங்குச்சி. கோலம் போடும் கை இருந்தால் யோசிக்காமல் மண்சட்டி. சணலை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழல் கூடையை நான் இனிமேல் செய்யப்போவதில்லை.

கூழ் அரைத்த அன்று ஒரு கிண்ணம் மிஞ்சியது. வாசலில் காய வைத்திருந்த குண்டானைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தை உள்ளே வந்தார். "வெந்தயக் கூழா? இதை நான் பார்த்து முப்பது வருஷம் இருக்கும்" என்று விரலில் தொட்டு முகர்ந்தார். மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனவர், சாயங்காலம் மொட்டை மாடியில் தன் பழைய முறத்தை மெழுகிக்கொண்டிருந்தார்.