ஓசூர்–கிருஷ்ணகிரி ரோட்டுக்கு எந்த பஸ்: டீசலா, கேஸா, பேட்டரியா?

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சார பஸ்கள் கிளம்பின. அப்போதிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் டீக்கடைப் பேச்சில் அடிக்கடி வரும் கேள்வி, "நமக்கு எப்போ?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. லாரியும் பஸ்ஸும் செய்யும் அசோக் லேலண்ட் ஓசூரில் இருக்கிறது. ஏத்தர் ஸ்கூட்டரும் ஓசூரில்தான் தயாராகிறது, ஓலா போச்சம்பள்ளியில். எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. அதுவரை வந்து போகும் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்சார பஸ்கள் இருக்கின்றன.

ஆனால் எப்போது என்பதைவிட எந்த ரூட்டுக்கு என்பதுதான் முதலில் பேச வேண்டிய விஷயம். பெரும்பாலோர் சொல்வது, "முதல்ல தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன் பஸ்ல போட்டுப் பார்க்கலாம், தூரம் கம்மி, பேட்டரி தாங்கும்." தாங்கும்தான். கணக்குதான் தாங்காது.

மானியத்தை நம்பிக் கணக்குப் போடவும் முடியாது. மத்திய அரசு 2023இல் அறிவித்த 10,000 மின்சார பஸ் மானியத் திட்டம் பொதுவாக 3 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி நகராட்சி 70 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை, கிருஷ்ணகிரி அதைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். அதனால் பஸ் தன் சம்பாத்தியத்தில் நிற்குமா என்றே பார்ப்போம்.

டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருகிறது, டீசல் விலை 93 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு எரிபொருள் செலவு பதினெட்டரை ரூபாய். 12 மீட்டர் மின்சார பஸ் ஏ.சி. இல்லாமல் கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் இழுக்கும், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 9 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சம் ஒன்பதரை ரூபாய். இதோடு என்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் பிளேட் கிடையாது. பிரேக் லைனிங்கும் மெதுவாகத்தான் தேயும். நாள் முழுக்க கிளட்ச் மிதித்து முட்டி போன டிரைவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது வாங்கும் விலை. மின்சார பஸ் ஒரு கோடியைத் தாண்டும், டீசல் பஸ் பாதி விலைக்குள் கிடைக்கும். வித்தியாசம் 70 லட்சம் என்று வையுங்கள். டவுனுக்குள் நின்று நின்று போகும் பஸ் ஒரு நாளைக்கு 180 கிலோமீட்டர் ஓடினால், வருஷத்தில் 340 நாள் ஓட்டினாலும் மிச்சமாவது 6 லட்சத்துக்குக் கீழே. போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டு வருஷம், அதுவும் வட்டி இல்லாமல். அதற்குள் பேட்டரியையே மாற்ற வேண்டி வரலாம். அதே பஸ் நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 13 லட்சத்தை நெருங்கும், ஐந்தரை வருஷத்தில் வித்தியாசம் அடைபட்டுவிடும். சுருக்கமாக, டீசல் பஸ் சும்மா நின்றால் நஷ்டம் குறைவு, பேட்டரி பஸ் சும்மா நின்றால் நஷ்டம் அதிகம்.

ஆக 400 கிலோமீட்டர் ஓடும் ரூட் வேண்டும். ஓசூர்–கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். போய்வர நூறு, நாலு நடை அடித்தால் நானூறு. கூட்டத்துக்குப் பஞ்சமில்லாத ரூட், காலையில் சிப்காட் வேலைக்குப் போகிறவர்களே பாதி பஸ்ஸை நிரப்பிவிடுவார்கள்.

"மேடாச்சே, இழுக்குமா?" என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சூளகிரி வழியாகச் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும். ஆட்களோடு 16 டன் எடையுள்ள பஸ்ஸை அவ்வளவு உயரம் தூக்க 17 யூனிட் போதும், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 20. சமதரையில் 50 கிலோமீட்டருக்கே 55 யூனிட் ஆகும் என்னும்போது இந்த 20 பயமுறுத்தும் எண்ணிக்கை இல்லை. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, பிரேக் போடும் வேலையையும் செய்துகொண்டு, ஏறக்குறைய பாதியைத் திருப்பித் தரும். போய்வர மொத்தம் 120 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 250 யூனிட் பேட்டரியில் 200 வரைதான் நிம்மதியாக எடுக்கலாம், அதனால் ஒரு நடைக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். 240 கிலோவாட் சார்ஜரில் அரை மணி நேரம். நாலு நடைக்கு நடுவில் மூன்று அரை மணி. டீசல் பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்னாலேயே தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு டைமுக்கு வந்து நிற்கும் ரூட்டில் அரை மணி என்பது சின்ன விஷயமும் இல்லை.

அந்தச் சார்ஜரை எங்கே வைப்பது? ஓசூரில் வைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், பெரிய ஊர், மாநகராட்சி. என்னைக் கேட்டால் கிருஷ்ணகிரியில் வைக்க வேண்டும். முழுக்க நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. மேலே ஓசூரில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், கிடைக்க வேண்டியது ஆரம்பத்தில் வீணாகும், சாதாரண பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டி வரும். கீழே ஏற்றிக்கொண்டு ஏறினால் மேலே போவதற்குள் பேட்டரியில் இடம் காலியாகியிருக்கும். தர்மபுரி–சேலம் ரூட்டுக்கும் இதே கதைதான். தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழப்பதை நாம் எத்தனையோ முறை செய்தியில் படித்தாகிவிட்டது. அங்கே மோட்டார் பிரேக் உள்ள பஸ் உண்மையிலேயே உபயோகம், தர்மபுரியில் கிளம்பித் தொப்பூர் வருவதற்குள் பேட்டரியிலும் இடம் வந்துவிடும்.

கேஸ் பஸ்ஸை மறந்துவிட வேண்டாம். பழைய டீசல் பஸ்ஸில் என்ஜினை மாற்றியமைத்து சி.என்.ஜி. சிலிண்டர் வைக்கும் முயற்சியைத் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் செய்து பார்த்திருக்கின்றன. ஒரு மின்சார பஸ் விலையில் பல பஸ்களை மாற்றிவிடலாம், கரும்புகை போய்விடும், நிரப்பவும் சில நிமிஷம்தான். ஆனால் சேமிப்பு சுமார்தான், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை, கேஸ் பங்க் இல்லாத பக்கம் போக முடியாது. பாதி ஆயுள் மிச்சமிருக்கும் பஸ்ஸுக்குச் சரி. புதிதாக வாங்குவதற்கு எனக்கு இது இரண்டுங்கெட்டான்.

"மின்சார பஸ்னா சுத்தம்" என்பதிலும் ஒரு கொக்கி. டீசல் பஸ் கிலோமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயுவை விடுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், சராசரியாக ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டி வெளியாகிறது. 1.1 யூனிட் என்றால் கணக்கு டீசலைத் தாண்டிவிடுகிறது! பஸ் ஸ்டாண்டில் புகை இருக்காது, அது பெரிய நிம்மதி, அனல் மின் நிலையத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் அதிகம் என்பதால் இங்கே நிலைமை கொஞ்சம் தேவலை. அதனால்தான் ராத்திரி முழுக்க ஏற்றுவதைவிட வெயில் நேரத்தில், கூட்டம் குறைந்த மதிய வேளையில் ஏற்றுவது நல்லது. கிருஷ்ணகிரியில் நடைக்கு ஒருமுறை ஏற்றும் ஏற்பாட்டுக்கு அதுவும் ஒத்துவருகிறது.

அப்புறம் பஸ் யாருடையது என்ற கேள்வி. சென்னையிலும் பெங்களூரிலும் நடப்பது ஒப்பந்த முறை. பஸ்ஸும் டிரைவரும் கம்பெனியுடையது, கண்டக்டரும் கலெக்‌ஷனும் கழகத்துடையது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கட்டும். 2022இல் ஐந்து பெருநகரங்களுக்குச் சேர்த்து விட்ட டெண்டரில் 12 மீட்டர் பஸ்ஸுக்கு வந்த மிகக் குறைந்த விலை கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய். 2018 கட்டணப்படி புறநகர் சாதாரண பஸ்ஸில் ஒரு ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. ஐம்பது பேர் உட்கார்ந்து வந்தாலும் 29 ரூபாய்தான். கண்டக்டர் சம்பளம் இன்னும் தனி. டீசல் பஸ்ஸிலும் கழகத்துக்கு நஷ்டம்தான், ஆனால் அங்கே கூட்டம் இல்லாத நடையை நிறுத்தி டீசலையாவது மிச்சம் பிடிக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று உறுதி கொடுத்துவிட்டால், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். 180 கிலோமீட்டர்கூடத் தேறாத டவுன் ரூட்டில் அப்படியொரு கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வது கழகம்தான்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல் இருப்பதால் அங்கே வருமானம் பெரும்பாலும் அரசு தரும் ஈட்டுத்தொகைதான். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராம நடைகளுக்குப் புது டீசல் பஸ்ஸே போதும். அங்கே பெண்கள் கேட்பது காலை ஏழு மணிக்கு ஒரு பஸ், சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பஸ். அது பேட்டரியில் ஓடுகிறதா டீசலில் ஓடுகிறதா என்பது அவர்கள் கவலை இல்லை. ஓசூர் ரூட்டுக்குப் பத்து மின்சார பஸ் வந்தால் அங்கிருந்து விடுபடும் பத்து டீசல் பஸ்களை இந்த நடைகளுக்குத் திருப்பிவிடலாம். அந்தப் பத்து பஸ்களையும் ஏலத்துக்கு அனுப்பாமல் டெப்போவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் உத்தரவில் சேர்த்தே எழுத வேண்டும்.