மதர்போர்ட் எரிந்துவிட்டது என்றதும் காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்

கொழும்பில் கணினி திருத்தக் கொடுக்கும் ஆட்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். போன மாதம் 45,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே தமிழ் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கல்யாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ் எல்லாம் வரும். ஆனால் கூடுதலாக வருவது அந்தியேட்டிக் கல்வெட்டுகள்தான், அதாவது இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் சிறு புத்தகங்கள். அந்த வேலையில் நாள் தள்ளிப்போட முடியாது. 31ஆம் நாளுக்குப் புத்தகம் சபையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு கல்வெட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் கணினி மக்கர் பண்ணியது. பொத்தானை அமத்தினால் விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. முதல் நாள் பின்னேரம் நல்ல இடி மின்னல். நானும் பயந்து, காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள கடைக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "அக்கா, மின்னல் அடிச்சிருக்கு. போர்ட் போச்சு. உங்கட அதிர்ஷ்டம், இதே மொடல் ஒண்டு எங்களிட்ட இருக்கு" என்றார். போர்ட் என்றால் மதர்போர்ட், கணினியின் பாகங்களை எல்லாம் இணைக்கும் பெரிய தட்டு. அதற்கு 42,000, கூலி 3,500. மறுநாளே கணினி வந்தது, வேலை செய்தது, கல்வெட்டும் நேரத்துக்கு அச்சாகியது. பழைய போர்டைக் கேட்டேன். "அதைக் குப்பையில போட்டாச்சு" என்றார்கள். அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கையில் தந்தது ஒரு சின்னத் துண்டு. அதில் 'போர்ட் மாற்றம்' என்று மட்டும் எழுதியிருந்தது. கம்பனியும் இல்லை, இலக்கமும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அதே கறுப்புத் திரை.

இந்த முறை என் மருமகனின் சிநேகிதன், கொட்டாஞ்சேனைப் பெடியன், வீட்டுக்கே வந்தான். மூடியைக் கழற்றி, ராமை (கணினியின் தற்காலிக நினைவகமான சின்னப் பலகை) இழுத்தெடுத்துவிட்டு, ஒரு குட்டி ஸ்பீக்கரைப் போர்டில் செருகிப் பொத்தானை அமத்தினான். பீப் பீப் என்று சத்தம். "அன்ரி, ராம் இல்லையெண்டு போர்ட் கத்துது. செத்த போர்ட் கத்தாது" என்றான். பிறகு மகளின் பென்சில் றப்பரை வாங்கி, ராமின் தங்கநிறப் பற்களை ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தான். றப்பரில் கரி பூசினது போல் கறுப்புக் கோடு. தூரிகையால் தூசைத் தட்டி, 'டக்' என்று சத்தம் வரும்வரை ராமை அமத்தினான். திரை வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்து இப்படி அழுக்குப் படிவது சாதாரணம் என்றான்.

அப்போதுதான் கேட்டான்: "ஏன் அன்ரி ஒரு ராம்தான் இருக்கு?" 2021இல் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தோம். 8 ஜிபி ராம் இரண்டு. இப்போது உள்ளே ஒன்றுதான்.

அலுமாரிக்கு மேல் பழைய மதர்போர்டின் வெறும் பெட்டி கிடந்தது. நான் எதையும் எறியாத ஆள். பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கரும் அதில் தொடரிலக்கமும் இருந்தன. அவன் போன் வெளிச்சத்தில் போர்டில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் பெட்டியில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்துவரை ஒன்றேதான். போர்டை மாற்றவே இல்லை! ராமைக் கழற்றிப் பூட்டியதில் தானாக வேலை செய்திருக்கிறது. ஒன்றைத் தங்களுடன் வைத்துக்கொண்டு, என் போர்டையே எனக்கு 42,000க்கு விற்றிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். "பெடியன் மாறிப் பூட்டியிருப்பான், ரெண்டு நாள் பொறுங்கோ" என்றார். அதன்பிறகு போனை எடுப்பதில்லை. காசு போனதைவிட இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. அந்த ஹார்ட் டிஸ்கில் எத்தனையோ குடும்பங்களின் இறந்தவர்களுடைய படங்களும் வம்ச விபரங்களும் இருக்கின்றன. அதைக் கழற்றி வைக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

உங்களுக்கும் விசிறி சுற்றித் திரை வராவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி வயரைக் கழற்றிவிட்டு முதலில் ராமைப் பாருங்கள். விசிறியே சுற்றாவிட்டால் அது வேறு விஷயம். பின்பக்கச் சுவிட்ச், வயர், பவர் சப்ளை என்று அந்த வழியில் தேட வேண்டும். கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் போர்ட், ராம், டிஸ்க் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்து, பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பெட்டியின் படம், போர்டின் படம், அந்தத் துண்டு, 2021 பில் நான்கையும் இணைத்துப் போன கிழமை பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.