இன்ஸ்டாக்ஸ் மினி 12: நாலு பேர் அமரும் தூரத்துக்கு ஒரு கேமரா

எடுத்த படத்தை அங்கேயே தாளில் தரும் ஃபுஜிஃபிலிமின் உடனடிக் கேமரா இன்ஸ்டாக்ஸ் மினி 12 வாங்கலாமா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு தூரத்திலிருந்து படம் எடுப்பீர்கள்? மேசைக்கு எதிரே இருப்பவர், சோஃபாவில் நெருங்கி உட்கார்ந்த மூன்று பேர், தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்றால் தயங்காமல் வாங்கலாம். மலை, கடல், மேடை நிகழ்ச்சி என்றால் கைபேசியே போதும்.

காரணம் லென்ஸிலேயே இருக்கிறது. குவியத் தூரம் 60 மி.மீ., துவாரம் எஃப் 12.7. ஊசித் துளை அளவுக்கு இல்லையென்றாலும் ஒளி நுழைய மிகச் சிறிய வாசல் இது. பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 800தான். எனவே ஃபிளாஷ் ஒவ்வொரு முறையும் அடித்தே தீரும், அணைக்க வழியில்லை. அது எட்டுவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் வரை. அறையில் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் இருட்டில் மூழ்கிவிடும். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை அரை நொடி வரை திறந்து வைத்துப் பின்னணியைப் பிடிக்கப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த அரை நொடியில் கை ஆடினால் பின்னணி இழுபட்டுவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு அழுத்துங்கள். பக்கத்தில் மேசை இருந்தால் அதில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

படத்தின் பரப்பு 62-க்கு 46 மி.மீ. கேமராவை இயல்பாகப் பிடித்தால் படம் நெடுக்குவாட்டில் விழும். இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால் அகலத்தில் ஒன்றரை மீட்டர் அடங்கும், அதாவது மூன்று பேர். கேமராவைப் படுக்கவைத்துப் பிடித்தால் இரண்டு மீட்டர். நாலு பேர் தோளோடு தோள் நிற்கலாம். ஐந்தாவது ஆளைச் சேர்க்கப் பின்னால் நகர்ந்தீர்களோ, ஃபிளாஷ் கைவிட்டுவிடும். அதனால் கூட்டத்தை இரண்டு வரிசையாக்கி முன்வரிசையை உட்காரவையுங்கள். படுக்கவைத்துப் பிடிக்கும்போது ஃபிளாஷ் மேல்பக்கம் வருமாறு திருப்புங்கள். கீழே இருந்தால் நிழல் சுவரில் பேயாட்டம் ஆடும். கண்ணாடி, ஜன்னல் எதிரே இருந்தால் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். நேராக நின்றால் படத்தில் ஃபிளாஷின் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

வடிவமைப்பில் இந்த மாடலின் சிறந்த அம்சம் லென்ஸைச் சுற்றியுள்ள வளையம். ஒரு திருகு திருகினால் கேமரா விழிக்கும். இன்னொரு திருகில் 30 முதல் 50 செ.மீ. வரைக்கான நெருக்க நிலை. அந்த நிலைக்குப் போனதும், கண் வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டரின் காட்சியும் கூடவே நகர்கிறது. வியூஃபைண்டரும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், பழைய மாடல்களில் நெருக்கத்தில் எடுத்த முகங்கள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். இதில் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் நடுவிலிருக்கும் வட்டக்குறி சரியாகத் தெரியும்படி கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கோணலாகப் பார்த்தால் படமும் கோணல்தான். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். செல்ஃபிக்கு லென்ஸ் அருகே குட்டிக் கண்ணாடி உண்டு. அந்தத் தூரத்தில் மூக்கு சற்றுப் பெருக்கும், வெள்ளைச் சட்டை வெளுத்துப்போகலாம். பலூன் மாதிரி உப்பிய உடல் குழந்தைத்தனமாகத் தோன்றலாம். சின்னக் கைகளுக்கு நன்றாகவே பிடிபடுகிறது.

பிலிம் போடுவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. பிலிம் தாள்கள் அடங்கிய பேக்கின் பக்கவாட்டைப் பிடியுங்கள்; பின்புறமுள்ள இரண்டு செவ்வகத் துளைகளை அழுத்தக் கூடாது. பேக்கிலும் கேமராவிலும் உள்ள மஞ்சள் கோடுகள் நேருக்கு நேர் வரட்டும். கதவை மூடியதும் எண் காட்டும் இடத்தில் 'எஸ்' தெரியும். ஷட்டர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கறுப்பு மூடி வெளியே வந்து எண் 10 ஆகும். அது படமல்ல, வீணாகிவிட்டதே என்று பதற வேண்டாம். பூஜ்யம் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். தவறித் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள்; மேலே இருக்கும் தாள் போனதுதான், அடியில் இருப்பவை ஓரம் வெளுத்தாவது தப்பலாம்.

படம் வெளியேறும் பிளவை விரல் மறைக்கக் கூடாது. மோட்டார் சத்தம் நிற்கும் முன் இழுக்கவும் கூடாது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு ரசாயனப் பை இருக்கிறது. இரண்டு உருளைகள் அதைப் பிதுக்கிப் படம் முழுக்கச் சீராகப் பூசுகின்றன. இழுத்தால் பூச்சு திட்டுத்திட்டாகும். ஒவ்வொரு படத்திலும் சீரான இடைவெளியில் ஒரே மாதிரிப் புள்ளி விழுந்தால் உருளையில் அழுக்கு என்று அர்த்தம். பேக் தீர்ந்ததும் உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தால் சரியாகும்.

இனி, படத்தை உதறும் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். தாள் முழுக்க மூடப்பட்டது. காற்றுபட்டு உலர வேண்டியது எதுவும் அதில் இல்லை. உதறினாலோ வளைத்தாலோ உள்ளடுக்குகள் பிரிந்து கறை விழலாம். நிழலில், சமமான இடத்தில் குப்புறப் போட்டுவிட்டு ஒன்றரை நிமிடம் காத்திருங்கள். 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இந்த பிலிமுக்கு ஏற்ற வெப்பம். குளிரில் நிறம் நீலம் பாய்ந்து மங்கும்; அப்போது படத்தைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் காருக்குள் விட்ட பிலிம் பழுப்பேறும். விமானப் பயணத்தில் பிலிமைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். சரக்குப் பெட்டியின் ஸ்கேனர் அதை மங்கடித்துவிடும்.

வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் ஒரு எச்சரிக்கை: படத்தைக் கத்தரிக்கவோ கடிக்கவோ விடாதீர்கள். உள்ளே இருப்பது காரத்தன்மை கொண்ட ரசாயனப் பசை. கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

பேட்டரி இரண்டு டபுள் ஏ, ஆல்கலைன். சுமார் பத்து பேக் தாங்கும். புதிதையும் பழையதையும் கலக்க வேண்டாம். ஃபிளாஷ் மீண்டும் தயாராக வழக்கமாக ஆறேழு நொடி எடுக்கும். அது கூடிக்கொண்டே போனால் மாற்றும் வேளை வந்துவிட்டது.

உண்மையான குறை வேறு. படம் ஒன்றே ஒன்று, நெகட்டிவ் கிடையாது. குடும்பத்தில் மூன்று பேர் கேட்டால் மூன்று முறை அழுத்த வேண்டும், மூன்றாவது முறை சிரிப்பு வற்றியிருக்கும். கேமராவின் விலையைவிட இந்தத் தாள் செலவுதான் ஆண்டு முழுக்கக் கடிக்கும். கண் மூடிய படமும் அதே செலவுதான். இது ஒத்துவராதவர்களுக்கு அதே நிறுவனத்தின் மினி எவோ இருக்கிறது: உள்ளே டிஜிட்டல் சென்சார், திரையில் பார்த்துப் பிடித்ததை மட்டும் அச்சிடலாம், எத்தனை பிரதி வேண்டுமானாலும். படத்தின் அளவு 2560-க்கு 1920 புள்ளிகள்தான், இன்றைய கைபேசிக்குப் பக்கத்தில் நிற்காது. கையில் நல்ல கைபேசி இருந்தால், அதிலுள்ள படத்தை அச்சிடும் மினி லிங்க் அச்சுப்பெட்டியே புத்திசாலித்தனம். அதே தாள், வீணாவது குறைவு. ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். மினி 12-இல் அந்த ஒன்றரை நிமிடமும் எல்லார் கண்ணும் மேசைமேல் கிடக்கும் தாளில்தான்.

பிரதி வேண்டுமென்றால் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் எடுத்துவையுங்கள். மூலத்தை வெயில் படாத ஆல்பத்தில் போடுங்கள். தேதியை அடிப்பக்க வெள்ளைப் பட்டையில் அழியாத மார்க்கரால் எழுதலாம். பால்பாயின்ட் பேனா வழுக்கும், அழுத்தினால் தழும்பு முன்பக்கம் தெரியும்.