குதிரைக்கு நெட்டி முறிக்க வருகிறவரிடம் கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். குதிரையின் முதுகெலும்பைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் இடம் விசாரித்து வருகிறார். பாசிக்குடாவில் எங்கள் ராணிக்கு அவர் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ராணி பின்னங்கால்களை இழுத்து நடக்கத் தொடங்கியிருந்தது. வந்தவர் அதை நடக்கவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கவில்லை, சேணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முதுகில் விரலை ஓட்டிவிட்டு, "தம்பி, இடுப்பில ரெண்டு எலும்பு விலகிக் கிடக்கு" என்றார். அப்புறம் பெட்டியொன்றின் மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் இடுப்பில் குத்தினார், ரப்பர் சுத்தியலாலும் தட்டினார். 'டக்' என்று சத்தம் வந்ததும் "ஏறிட்டுது" என்றார். 35,000 ரூபாய் வாங்கினார், பற்றுச்சீட்டு இல்லை. அடுத்த நாள் காலையில் ராணி எழும்பவே தடுமாறியது. போன் எடுத்தால் அவரிடமிருந்து பதிலே இல்லை.

அரச மிருக வைத்தியர் பார்த்த விதமே வேறு. சிறிய வட்டமாகச் சுற்றவிட்டார், பின்பக்கமாக நடக்கவிட்டார். நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுத்தார். நல்ல குதிரை எதிர்த்து நிற்குமாம், ராணி அந்தப் பக்கமே சரிந்தது. பின்குளம்பின் நுனி தரையில் உரசித் தேய்ந்திருந்ததையும் காட்டினார். கோளாறு எலும்பில் இல்லை, நரம்பில்.

எங்கள் பகுதியில் மாட்டுக்கும் குறைவில்லை, நுளம்புக்கும் குறைவில்லை. மாட்டின் வயிற்றறையில் பெரிய தொல்லை கொடுக்காமல் வாழும் செட்டாரியா என்ற புழு இருக்கிறது. அதன் குஞ்சுகளை நுளம்பு குதிரைக்கோ ஆட்டுக்கோ கடத்தினால், அவை வழிதவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் போய்விடலாம். வைத்தியர் சந்தேகப்படுவது அதைத்தான். ஆரம்பத்திலேயே புழு மருந்தும் வீக்கம் குறைக்கும் மருந்தும் கொடுத்தால் தேற வாய்ப்புண்டு. நரம்பு அழிந்தபின் பழைய நடை திரும்புவது கஷ்டம். அந்த ஆரம்ப நாட்களைத்தான் இந்த மனிதர் வீணாக்கினார். காசு போகட்டும்.

முதுகுக்குக் கை வைத்தியமே பொய் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் படித்தவர்கள், மிருக வைத்தியர் சோதித்த பிறகு, முதுகு இறுக்கத்துக்குச் செய்கிறார்கள். கால் தள்ளாடும் குதிரையில் அதைச் செய்யவே கூடாது. குதிரையின் முதுகில் 18, இடுப்பில் 6 முள்ளெலும்புகள், எல்லாவற்றையும் தடித்த தசையும் தசைநாரும் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. குத்தி ஏற்றுகிற அளவுக்கு அவை கழன்றிருந்தால் குதிரை நிற்கவே நிற்காது.

ராணி இப்போது மருந்தில் இருக்கிறது, சவாரியை நிறுத்திவிட்டோம். அந்த ஆள் பொத்துவில், அறுகம்பைப் பக்கம் திரிகிறாராம். வந்தால் மிருக வைத்தியர் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் குதிரையைத் தொட விடாமல், அன்றைக்கே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.