ஆந்தை காட்டுறன் எண்டு காசு வாங்கிறார், கவனம்

முல்லைத்தீவு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் பொழுதுபட ஆந்தை படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஒருத்தர் ஆள் சேர்த்துக்கொண்டு திரியிறார். பேர் போடேல்லை, போனால் உங்களுக்கே விளங்கும்.

எங்களிட்ட 15,000 ரூபா, அரைவாசி முதலே போடச் சொல்லி. "பூமன் ஆந்தை தம்பி, பத்தடியில இருக்கும், கட்டாயம் கிடைக்கும்" எண்டார். காட்டுப் பறவைக்கு என்ன கட்டாயம் எண்டு எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது, கனடாவில இருந்து வந்து நிண்ட பெறாமகன் ஒற்றைக்காலில நிண்டான், சரி எண்டு ஒட்டுசுட்டானால போனம்.

குளக்கட்டுக்குக் கீழ மருதமரம், உண்மையாவே பறவை இருந்தது, மஞ்சள் கண், பெரிய உருப்படி. இவர் ரோச்சை எடுத்து மூஞ்சிக்கு நேர அடிக்கிறார், அது பறக்கேல்லை, செட்டையை விரிச்சு விரிச்சு மடக்குது. "அண்ணை ரோச்சை நூருங்கோ" எண்டா, "நூத்தா படம் வராது" எண்டு என்னோட சண்டை. என்ர லென்ஸ் f/5.6க்கு மேல திறக்காது, கன வெளிச்சம் உள்ள விடாது, ட்ரைபொட்டில வைச்சு ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/30 செக்கன், மிச்சமிருந்த வெளிச்சத்தில எடுத்தன். சும்மா குந்தியிருக்கிற ஆந்தைக்கு அந்த ஷட்டர் காணும், இது நெளிஞ்சுகொண்டே நிண்டதால அரைவாசிப் படம் கலங்கல். கமராத் திரையில பாத்தா எல்லாம் கறுப்பு.

வீட்ட வந்து லப்டொப்பில இருட்டுப் பக்கத்தை வெளிச்சமாக்கேக்க பெறாமகன்தான் முதல்ல கண்டவன். இந்த ஆந்தைக்குக் காலில இறகு இல்லை, மொட்டைக்கால், அதால நொய்ஸுக்கு (படத்தில வாற புள்ளியளுக்கு) நடுவிலயும் வடிவாத் தெரியுது: காலில தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் நூல், ரெண்டு சுத்து, முடிச்சு, மற்ற நுனி கொப்பில. சுத்தின இடத்தில தோல் வெட்டுப்பட்டுக் கிடக்கு.

கோல் எடுத்துக் கேட்டா "வலையில மாட்டினது தம்பி, நாங்கள் காப்பாத்தி வைச்சிருக்கிறம்" எண்டார். காப்பாத்தினதைக் கட்டி வைச்சு ஆளுக்கு ஆள் காசு வாங்குவினமோ? பேந்து நம்பரை புளொக் பண்ணிட்டார்.

காசு போனாப் போகட்டும். 1937ஆம் ஆண்டின்ர தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில ஆந்தையைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே குற்றம். படங்களை வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் குடுத்திட்டன், நீங்களும் கண்டா அவையின்ர 1992 நம்பருக்கு அடியுங்கோ. ஆகஸ்ட்டில வெளிநாட்டுச் சனம் வரேக்க இவர் இன்னும் கனபேரைப் பிடிப்பார், போறவை காசைக் குடுக்க முதல் பறவையின்ர காலைப் பாருங்கோ.